துண்டுக்கடியில் ஒரு சார்ஜர்

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குகிறவனும் பொடியெழுத்தைப் படிக்காமல் சார்ஜர் வாங்குகிறவனும் ஒரே ரகம், அந்த ரகத்தில் போன வாரம் நாமும் சேர்ந்துவிட்டோமே என்கிற எரிச்சல் சென்னியப்பனுக்கு இன்னும் அடங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் மூன்று கிடந்தன. கொழுத்த வெள்ளை ஒன்று, குட்டையாய்க் கறுப்பு ஒன்று, பேர்பெற்ற கம்பெனியின் முத்திரையோடு அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வராமல் மகாராணி கணக்காய் உட்கார்ந்திருந்த இன்னொன்று. கோயமுத்தூர் காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் தெருவில் செல்போன் சாமான் விற்கிற கடை, வெளியே மத்தியான வெயில், உள்ளே ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கடைக்காரர் தலைக்கு மேலே மட்டும். சென்னியப்பன் வெள்ளையை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். பார்த்ததும் தன் கை மேலேயே கோபம் வந்தது. இந்தக் கைதான் போன வாரம் ஈரோட்டில் ஒரு நடைபாதைக் கடையில் இப்படியே ஏற்றி இறக்கி, கனமாய் இருக்கிறது, சரக்கு உள்ளே இருக்கிறது என்று சாட்சி சொன்னது. அந்த வியாபாரியைப் பாதிக்கும் கீழே இறக்கி, அவன் அழாத குறையாய்க் கொடுக்க, வீட்டுக்கு வந்து மீசையைத் தடவிக்கொண்டு பெருமை பேசியாயிற்று. போனுக்குப் போட்டால் ஏறியது. லேப்டாப்புக்குப் போட்டால் விளக்கு மட்டும் எரிந்தது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. பெரிய மடியை ஆட்டிக்கொண்டு வந்து செம்பு நனையக் கறக்கிற மாடு அது. மகள் சுகந்தி ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள், ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நல்ல சார்ஜர், லேப்டாப்போடு வந்த சார்ஜர், அதன் ஒயரைத்தான் கன்னுக்குட்டி மென்று துப்பிவிட்டதே, மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலைப் போட்டு வேலை பார்க்காதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பார், கேட்டாளா. கத்தினேன், கத்தினேன் என்று நினைக்கும்போதே தொண்டைக்குள் கொஞ்ச நாளாய்க் குத்துகிற அந்த முள் ஒருதரம் புரண்டு படுத்தது. கத்துவதைப் பற்றி நினைத்தாலே இப்போதெல்லாம் அது விழித்துக்கொள்கிறது.

வெள்ளையின் முகத்தில் அறுபத்தஞ்சு என்று பெரிதாய் அச்சடித்திருந்தார்கள். முகத்தில் எழுதினதை எவன் நம்புவான். சந்தைக்கு வருகிற காளைக்குக் கொம்பில் எண்ணெய் தடவி நெற்றியில் பொட்டு வைத்துத்தான் ஓட்டி வருகிறார்கள், வயசு பல்லில் இருக்கிறது. அவர் சார்ஜரைக் குப்புறக் கவிழ்த்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கொசுமுட்டை அளவில் எழுத்து. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கப்பா, வருவதுதான் வாட், பால் எத்தனை லிட்டர் என்கிற மாதிரி, என்று சுகந்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெருக்கல் படிக்கவில்லை அவர், சந்தையில்தான் படித்தார், அடி வாங்கிப் படித்த பெருக்கல் மறக்காது. பெருக்கினார். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாய்ப் போட்டிருந்ததை எல்லாம் கூட்டினால்தான் அந்த அறுபத்தஞ்சு வந்தது. ஒரு ஓட்டையில் மட்டும் செருகினால் அதில் பாதிகூடத் தேறாது. நாலு காம்பிலும் ஒன்றாய்க் கறந்து அதை ஒரே காம்பில் வருகிற பால் என்று சொல்லி விற்பது போல. அடப்பாவி, என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். வீணாகப் பேசக் கூடாது. இன்றைக்குள் எத்தனை சொல் மிச்சம் இருக்கிறதோ யாருக்குத் தெரியும். லேப்டாப்புக்கு நாற்பத்தஞ்சு வாட்டாவது போக வேண்டும், கூடவே போனுக்கும் ஏற வேண்டும், ரெண்டும் ஒரே சார்ஜரில், ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துச் சுவரில் நமக்கென்று விடுகிற பிளக்குப் பாயிண்ட் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அவர்களுடைய மெசினுக்கு. கட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். மனைவி கருணாம்பாள் அதன் மேல் போர்வையை விரித்து, தான் படுத்து எழுந்து பார்த்து, பரவாயில்லைங், மெத்துனுதான் இருக்குது என்று சொன்னாள், என்னவோ கல்யாண மண்டபத்தில் இடம் பிடிக்கிற மாதிரி. சாயங்காலத்துக்குள் அவர் அங்கே போய்ப் படுத்தாக வேண்டும். நாளைக் காலையில் அவருடைய குரல்வளையை எடுத்துவிடுவார்கள்.

எடுத்துவிடுவார்கள். இந்தச் சொல்லில் வந்து மனசு முட்டிக்கொள்கிறது, திரும்புகிறது, சுற்றிவந்து மறுபடி இங்கேயே முட்டுகிறது, செக்குமாடு. எடுக்கிறது என்றால் எங்கே வைப்பார்கள், ஒரு கிண்ணத்திலா, வைத்துப் பார்த்தால் அதில் என்ன தெரியும், சந்தை தெரியுமா. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கழுத்தை வரைந்து புற்று இருக்கிற இடத்தைக் காட்டினாள். இனிமேல் மூச்சு இந்த ஓட்டை வழியா, சோறு வாய் வழியா, பேச்சு மட்டும் இல்லை, ஆனா உயிர் இருக்கும் என்றாள். உயிர் இருக்கும் என்று அவள் சொன்னபோது கருணாம்பாள் கும்பிட்டாள். அவர் கும்பிடவில்லை. அந்தப் பேரத்தில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றியது, ஒரு பொருளைக் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறோம், கொடுக்கிற பொருளின் விலை அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியாது. கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு வாய்தான் முதல். அப்பன் விட்டுப்போனது ஒரு மூக்கணாங்கயிறுகூட இல்லை. கருங்கல்பாளையம் சந்தையில் பிறத்தியார் மாட்டுக்குக் கயிறு பிடித்து நின்றவன், உதைக்கிற மாட்டைச் சாது என்று சொல்லி விற்று, வாங்கினவன் வந்து செவிட்டில் அறைய, அறைந்தவனையே அரைமணி நேரம் பேசிப் பேசி இன்னொரு மாடு வாங்க வைத்தவன். அன்றைக்குத்தான் தன் வாயின் எடை தனக்குத் தெரிந்தது. அப்புறம் சந்தையின் கிழக்குக் கோடியில் அவர் கனைத்தால் மேற்குக் கோடியில் விலை ஏறும் என்று சொல்வார்கள். அவர் கத்தலுக்குப் பயந்து புதுத் தரகர்கள் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தை இப்போது ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுவார்கள். போடட்டும். போட்டுக்கொள்ளட்டும். ஆனால் போடுமுன் எடுக்க வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தச் சார்ஜர்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண்தான் ஆஸ்பத்திரியில் யோசனை சொன்னாள். ஐயா, உங்க குரல் இருக்கும்போதே வேணுங்கறதைப் பேசிப் பதிஞ்சு வெச்சுக்கலாம், அப்புறம் போனில் படத்தைத் தொட்டால் உங்க குரலே பேசும். சுகந்தி தன் லேப்டாப்பில் அதை ஏற்பாடு செய்தாள். சிவப்பு வட்டத்தை அமுக்கினால் பதியும், மறுபடி அமுக்கினால் நிற்கும், அங்கிருந்து போனுக்குப் போகும். தண்ணி வேணும். வலிக்குது. லைட்டை அணை. அவற்றை அவர் கடுகடு என்று பேசிக் கொடுத்தார். பிறகு சூடு பிடித்துவிட்டது. இந்த விலைக்கு எலும்பைக்கூடத் தரமாட்டேன். சொல்றவன் சொன்னா கேக்கறவனுக்கு மதி எங்கே போச்சு. போய்யா, போ, கூப்பிட மாட்டேன். மாட்டுக்குச் சுழி சரியில்லை. பல்லைக் காட்டு, மாட்டோடதைக் கேட்டேன், உன்னுதை அல்ல. ஒவ்வொன்றுக்கும் சுகந்தி ஒரு படம் போட்டாள், கருணாம்பாள் சமையல்கட்டிலிருந்தே சிரித்தாள், ஊமையானாலும் ஊர்வாயை விடமாட்டாரு என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, சுகந்தி அதைக் கேட்கிற வரைக்கும். அப்பா, எம்பேரை ஒருக்காச் சொல்லுங்க, சும்மா கூப்புடற மாதிரி, சாப்டியான்னு கேக்கற மாதிரி, அது போதும் எனக்கு. அவ்வளவுதானே என்று சொன்னார். சிவப்பை அமுக்கினாள். சுகந்தி, என்றார். போட்டுக் கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மிரளுகிற காளையை அதட்டுகிற சத்தம் அது. அழி, என்றார். இன்னொருதரம். அதுவும் அதே. மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் தோற்றுப்போய் விலையை ஒத்துக்கொள்கிறவன் குரல் வந்தது. அழி. இத்தனை வருசம் ஒரே ஒரு குரலை வைத்துக்கொண்டா வீட்டுக்கும் சந்தைக்கும் போய்வந்திருக்கிறோம். அவள் பள்ளிக்கூடம் போகும்போதும் அதட்டல், வேலைக்குப் போய் முதல் சம்பளம் கொண்டுவந்தபோதும் அதட்டல், மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் நின்றபோது தெருவே கேட்கிற அதட்டல். அதற்கு அடியில் ஒன்று இருந்தது, இருந்ததா, இருந்தது, அது சத்தமாய் வெளியே வந்ததே இல்லை. நாளைக்குச் சொல்றேன் புள்ளே என்று எழுந்து போய்விட்டார். மறுநாளும் நாளைக்கு என்றார். நேற்று ராத்திரி மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது லேப்டாப் இருண்டு போயிற்று, அவர் வாங்கிவந்த மலட்டு சார்ஜரால். நாளைக்கு என்கிற சொல் இன்றோடு தீர்ந்துவிட்டது.

சேட்டு, இதைக் கறந்து காட்டோணும், என்று அவர் கடைக்காரரிடம் சொன்னார். சொன்ன குரல் மண்ணில் சாக்கை இழுத்த மாதிரி வந்தது. கடைக்காரர் ரத்தன்லால், ராஜஸ்தான்காரர், தலை நரைத்த மனுசர், ஆனால் பேசுவது அச்சு அசல் கோயமுத்தூர்த் தமிழ். கறக்கறதுங்களா, என்று கேட்டுவிட்டு, சென்னியப்பன் உரச்சாக்கில் தைத்த பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்ததும் புரிந்துகொண்டார். பெட்டிக்கடியிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சின்ன மீட்டரை எடுத்தார். சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் செருகினால் எத்தனை வாட் போகிறது என்று எண் காட்டும். எல்லாரும் போனை வெச்சுத்தான் பார்ப்பாங்க, லேப்டாப்பையே தூக்கிட்டு வந்தவரு நீங்கதானுங்க என்றார். கறக்காமல் மாடு வாங்குவேனா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் இவர். முதலில் வெள்ளை. லேப்டாப்பைச் செருகியதும் எண் நொண்டி நொண்டி ஏறி முப்பதுக்கு வராமலே நின்றது. கூடவே போனைச் செருகியதும் அதுவும் சரிந்தது, ரெண்டு கன்று முட்டினால் படுத்துவிடுகிற கிழட்டுப் பசு. மகாராணி பெட்டியை விட்டு இறங்கி நன்றாய்க் கறந்தது, ஆனால் அதற்கு ஒரே காம்பு, போனுக்கு வழியில்லை. பிறகு கறுப்பு. முஷ்டிக்குள் அடங்குகிற சைஸ், பார்த்தால் ஒன்றும் இல்லை, நாட்டுக் குட்டைக் காளை மாதிரி திமிலும் தெரியாமல் கொம்பும் தெரியாமல் நிற்கிறது. லேப்டாப்பைச் செருகினார்கள், எண் கிடுகிடுவென்று ஏறி அறுபதைத் தொட்டது. போனைச் செருகினார்கள். ஒரு நொடி அணைந்து, யோசித்து, மறுபடி வந்தது, லேப்டாப்புக்கு நாற்பத்தஞ்சு, மிச்சம் போனுக்கு. இவர் வாய் திறக்கவில்லை, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, பிடித்த மாட்டைப் பார்க்காமல் பக்கத்து மாட்டைப் பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். அதனால் வெள்ளையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, கறுப்பை ஒதுக்குகிற மாதிரி விரலால் தள்ளிவிட்டு, இது என்ன சொல்றீங்க என்றார். இருபத்திரண்டு நூறு என்றார் ரத்தன்லால், ஒயர் தனி. ஒயர் தனியா என்று கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது, அதில் நியாயம் இருந்தது, மாட்டை விற்றால் கயிறைக் கழற்றிக்கொள்வதுதான் வழக்கம், வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். அறுபது வாட்டையும் தாங்குகிற தடித்த ஒயராய் ஒன்றைப் பார்த்து எடுத்து அதையும் ஒதுக்கி வைத்தார். ஆனால் இருபத்திரண்டு நூறா.

ஆரம்பித்தார். ஏனுங் சேட்டு, இது என்ன சார்ஜரா, தாலிக்கொடியா. இத்துணூண்டு பிளாஸ்டிக்குக்கு இந்த விலை சொல்ல உமக்கு எப்படி நாக்கு வந்தது. பக்கத்துக் கடையில் இதில் பாதிக்குக் கொடுக்கிறான், உங்க மூஞ்சிக்காகத்தான் உள்ளே வந்தேன். வழக்கமான வரிகள், தேய்ந்து பளபளத்த வரிகள், ஆனால் ஒவ்வொன்றும் வெளியே வருகையில் தொண்டையில் தோலை உரித்துக்கொண்டு வந்தது. ரத்தன்லால் தலைக்கு மேலே கை காட்டினார். ஒரே விலை என்று பலகை தொங்கியது. பலகையைப் பார்த்ததும் சென்னியப்பனுக்கு மண்டைக்குச் சூடு ஏறிவிட்டது. பலகை மாட்டினவனெல்லாம் சத்தியவானா, பலகையை எழுதினவனிடம் நீ பேரம் பேசித்தானே எழுத வெச்சே என்று கத்த வாயைத் திறந்தார். பாதியில் குரல் போய்விட்டது. உடைந்துகூடப் போகவில்லை, வரவே இல்லை, வெறும் காற்று, உதடு மட்டும் அசைந்தது. அவர் நின்றார். கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது, அதற்குக் குரல் வேண்டாம். லேப்டாப்பைப் பையில் போட்டு, தோளில் துண்டைத் தட்டி, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி நடந்தார். நடக்கிறவனைக் கூப்பிடாத வியாபாரி உலகத்தில் இல்லை. பழச்சாறுக் கடை வரைக்கும் போகுமுன் கூப்பிடுவான், ஏனுங் வாங்க, சொல்லுங்க என்பான். பழச்சாறுக் கடை வந்தது. கூப்பிடவில்லை. கரும்பைப் பிழிகிற எந்திரம் சக்கையைத் துப்பிக்கொண்டிருந்தது. வெயில் பிடரியில் உட்கார்ந்துகொண்டது. அவர் அங்கே நின்றபடி காதைப் பின்பக்கம் வைத்துக் காத்திருந்தார், காத்திருக்கக் காத்திருக்க வேறொரு பயம் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. நாளைக்கப்புறம் இப்படித்தானோ. நான் நடந்துபோவேன், எவனும் கூப்பிட மாட்டான், நானும் எவனையும் கூப்பிட முடியாது. ரோட்டைத் தாண்டுகிற சுகந்தியை, பின்னால் லாரி வருகிறதென்று, கூப்பிட முடியாது. போனை எடுத்துப் படத்தைத் தேடி அமுக்குவதற்குள். படமே இல்லையே, அவள் பேருக்குப் படமே இல்லையே. தொண்டையைத் தடவிப் பார்த்தார், கனைத்தார். எங்கேயோ அடியிலிருந்து கொஞ்சம் குரல் திரும்பி வந்தது, கிணற்றில் இறைத்துப்போட்ட பிறகு ஊறுகிற தண்ணீர் மாதிரி, ஒரு குடத்துக்குக் காணும், ரெண்டு குடத்துக்குக் காணாது. அந்த ஒரு குடத்தை ஒரு சேட்டோடு சண்டை போட்டா கொட்டுவது. சென்னியப்பன் தன் ஆயுசில் செய்யாத காரியத்தைச் செய்தார். யாரும் கூப்பிடாமலே கடைக்குத் திரும்பி நடந்தார்.

படியேறும்போது ரத்தன்லால் சிரிக்கக்கூட இல்லை, கறுப்புச் சார்ஜர் வைத்த இடத்திலேயே இருந்தது. நாலு சனத்துக்கு நடுவில் வாய் ஒரு விலை கத்தும், அது ஊருக்கு. உண்மை விலை எப்போதும் கையில்தான். சந்தையில் ரெண்டு தரகர்கள் எதிரெதிரே நின்று, கை மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையை அமுக்கினால் அஞ்சு, நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். வாய் பொய் சொல்லலாம், துண்டுக்குள் கை பொய் சொன்னால் அவனோடு அப்புறம் ஒருத்தனும் கை கோக்க மாட்டான். அவர் தோளிலிருந்து துண்டை உருவினார். என்ன செய்கிறோம், இவனுக்கு இது தெரியுமா, பைத்தியக்காரன் என்று நினைப்பானோ என்று யோசிப்பதற்கு முன்னால் ரத்தன்லாலின் வலது கையைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, தன் கையை உள்ளே விட்டார். முழுக்கையை ரெண்டு தரம் அமுக்கினார். அப்புறம் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தார். பதினாலு. ரத்தன்லால் துண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அந்தக் கை ஒரு கணம் செத்த மீன் மாதிரி கிடந்தது. பிறகு அதற்கு உயிர் வந்தது. அது மெதுவாய்த் திரும்பி, இவர் கையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்து, நாலு தரம் முழுசாய் அமுக்கியது. இருபது. சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உங்க ஊர்லயும் உண்டுங்களா, என்று காற்றாய்க் கேட்டார். ஒட்டகத்துக்குங்க, என்றார் ரத்தன்லால், எங்கப்பாகூடச் சந்தைக்குப் போயிருக்கேன், நீங்க பேசாதீங்க, கையில சொல்லுங்க. கையில் சொன்னார். பதினாறு. அந்தக் கை யோசித்தது, யோசிப்பது இவருக்குத் தெரிந்தது, கட்டைவிரலுக்கடியில் துடிப்பு ஓடுவதுகூடத் தெரிந்தது. பதினெட்டு என்றது, சொல்லிவிட்டு, பிடியைத் தளர்த்தாமல் அப்படியே வைத்துக்கொண்டது. அடிவிலையைச் சொல்கிற கை அப்படித்தான் நிற்கும், இதற்குக் கீழே எனக்கு நஷ்டம் என்று. இன்னொரு விரலைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாமா என்று பழைய புத்தி ஒருதரம் தலை தூக்கியது. இழுத்தார். முழுக்கையால் ஒரே அமுக்கு வந்தது, முடியாதுங் என்று. சரி. துண்டை எடுத்தார். வாயே திறக்காமல் முடிந்த பேரம். இதைத்தானே நாற்பது வருசமாய்ச் செய்துகொண்டிருந்தோம், மேலே போட்ட சத்தமெல்லாம் யாருக்காகப் போட்டோம். கூப்பாடு கிண்ணத்துக்குப் போகட்டும், கை இருக்கிறது.

ஒயருக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, சித்த நேரம் இங்கயே போட்டுக்கறேன் என்று கையால் காட்டினார். ரத்தன்லால் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, மின்விசிறியையும் இவர் பக்கம் திருப்பிவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கறுப்புச் சார்ஜர் சுவரில் ஏறியது, புதுக்கயிறு லேப்டாப்பைப் பிடித்தது, முதலில் ஒன்றும் இல்லை, இருட்டுக் கண்ணாடியில் தன் முகமும் மீசையும் மட்டும், சுரக்கட்டும், அவசரப்பட்டுக் காம்பை இழுக்கக் கூடாது. வெளிச்சம் வந்தது. சிவப்பு வட்டம் நேற்று விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. அமுக்கினார். எண்கள் ஓட ஆரம்பித்தன. தொண்டையில் ஒரு குடம். சொல்லு. எதைச் சொல்ல, எந்தக் குரலில் சொல்ல, அதட்டலைத் தவிர அங்கே என்ன இருக்கிறது, போகிறது, எண் ஓடிக்கொண்டே போகிறது. கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவற்றைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தன் ரெண்டு கைகள் மேலும் போட்டு மூடினார். உள்ளே இடது கை வலது கையைத் தேடிப் பிடித்தது. பிரசவ வார்டில் சுகந்தியை வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தபோது துணிக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் கை வந்து இவருடைய சுண்டுவிரலைப் பிடித்தது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஒன்றா, நூறா, ஆயிரமா, என்ன விலை சொல்கிறது இது என்று அவர் திகைத்துப்போய் நின்றார், பதிலுக்கு அமுக்கினால் நொறுங்கிவிடும் என்று அமுக்கவில்லை, அந்த விலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது துண்டுக்கடியில் தன் சுண்டுவிரலைத் தானே பிடித்தார், மெதுவாய், நொறுங்காமல். பிடித்தபடி வாயைத் திறந்தார். கை சொன்னதை வாய் சொல்லிற்று.

"சுகந்தி. சாப்ட்டியா கண்ணு."

அது யார் குரல் என்று அவருக்கே தெரியவில்லை. கரகரத்திருந்தது, அதட்டல் இல்லை, தோற்றவன் குரலும் இல்லை. விசிறி சுற்றியது. தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரத்தன்லாலின் முதுகு அசையவில்லை. சென்னியப்பன் மூச்சை விட்டார், மூக்கு வழியாகத்தான் விட்டார், இன்றைக்கு இன்னும் மூக்கு வழியாகத்தான். துண்டால் முகத்தைத் துடைத்தார். சார்ஜரைக் கழற்றுவதற்காக எழுந்தவர் கண்ணில், பெட்டிக்குள் அடுக்கியிருந்த சின்னச் சின்னத் துணிப்பைகள் பட்டன, சார்ஜரும் ஒயரும் போட்டு வைக்கிற பை, சுருக்குக் கயிறோடு. பட்டதும் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. குடத்தில் அடித்தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஏனுங் சேட்டு, பதினெட்டு வாங்கியிருக்கிறீங்க, அந்தப் பையைச் சும்மா குடுத்தா உங்க ஒட்டகம் செத்தா போயிரும்?"

ரத்தன்லால் தோள் குலுங்கச் சிரித்து ஒரு பையை எடுத்து வீசினார். அதைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோதுதான் சென்னியப்பன் பார்த்தார், எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, சிவப்பை நிறுத்தவே இல்லை. பேர், விசிறிச் சத்தம், மூச்சு, ஒட்டகம், சேட்டின் சிரிப்பு, எல்லாம் உள்ளே போயிருந்தது. அழித்துவிட்டு மறுபடி சொல்லலாமா என்று விரல் ஒருதரம் மேலே போய் நின்றது. வேண்டாம். அந்த ஒட்டகத்தைக் கேட்டால்தான் அவளுக்கு அப்பன் என்று நம்பிக்கை வரும். சிவப்பை ஒரே அமுக்காய் அமுக்கி நிறுத்தினார். கறுப்புச் சார்ஜரைப் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தார்.